கூட இருக்க ஓர் ஆள்

மங்கலம்பேட்டையில் ஒருவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று தெரிந்தால், என் சின்ன வயதில் எல்லா வீட்டாரும் போன வழி ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் தலையை மழித்து, எலுமிச்சம்பழம் தேய்த்துக் கிணற்றடியில் குளிக்க வைப்பார்கள். அடங்கவில்லையென்றால் சாயங்காலம் பள்ளிவாசல் வாசலில் ஒரு சொம்புத் தண்ணீரோடு போய் நிற்பார்கள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஓதி ஊதிக் கொடுப்பார்கள். இதில் இந்து வீடு, துலுக்க வீடு என்ற பேதம் எங்கள் பேட்டையில் கிடையாது. அடுத்தது விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர். அதற்கும் மசியாவிட்டால் அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன். வசதியும் வைராக்கியமும் உள்ளவர்கள் குணசீலத்துக்கும் ஏர்வாடிக்கும் போவார்கள். ஆஸ்பத்திரி இந்த வரிசையில் கடைசியில் வரும். சில வீடுகளில் வராமலே போய்விடும்.

இதை இளக்காரமாகச் சொல்லவில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக, ஊர் வாயில் 'கம்பவுண்டராக', இருந்து ஓய்வு பெற்றவன் நான். மாத்திரையின் பக்கம்தான் நிற்பேன். ஆனாலும் எங்கள் ஜனங்கள் மனநோயைப் பார்த்த வரலாற்றை 'மூடநம்பிக்கை போய் மருத்துவம் வந்தது' என்று எழுதினால் பாதிக் கதை விட்டுப்போகும். நோயாளியோடு கூட இருந்தது யார் என்று கேட்டுக்கொண்டு போனால்தான் மீதி பிடிபடும்.

கொளஞ்சியப்பரிடமிருந்தே வருகிறேன். அங்கே பிராது கட்டுவது வழக்கம். பெயர், ஊர், குறை மூன்றையும் தாளில் எழுதி, சாமி முன் வைத்து வாங்கி, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வர வேண்டும். மனுதாரரின் ஊர் எவ்வளவு தூரமோ அதற்கேற்பக் கட்டணமும் உண்டு. சாமியும் பிரயாணம் பண்ண வேண்டுமல்லவா! காரியம் முடிந்தால் திரும்ப வந்து ராஜினாமா எழுதிக் கொடுத்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும். களவு, கடன், தீராத வியாதி எல்லாவற்றுக்கும் கட்டுவார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். 'மகன் தனியாகப் பேசிக்கொள்கிறான். ராத்திரியில் கண் மூடுவதில்லை. சோறு போட்டால் விஷம் வைத்திருக்கிறாய் என்கிறான். ஆறு மாசமாக வேலைக்குப் போகவில்லை.' பிற்பாடு மனநல டாக்டர்கள் எழுதும் கேஸ் ஷீட்டைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். இதே நாலு வரிதான் அங்கேயும் இருக்கும்: இல்லாத குரல் கேட்பது, தூக்கமின்மை, ஆதாரமில்லாத சந்தேகம், அன்றாடக் காரியம் நின்றுபோனது, எத்தனை நாளாக என்ற கணக்கு. மனச்சிதைவைக் கண்டுபிடிக்க இன்றுவரை ரத்தப் பரிசோதனை கிடையாது. ரத்தம் எடுப்பதெல்லாம் தைராய்டு, காய்ச்சல், குடி போன்ற வேறு காரணம் உண்டா என்று விலக்கிப் பார்க்கத்தான். பேச்சைக் கேட்டு, வீட்டாரை விசாரித்து, இந்த அறிகுறிகள் ஒரு மாதமாவது நீடித்தனவா என்று பார்த்துத்தான் பெயர் வைக்கிறார்கள். ஆக, கேட்பதற்கு வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

நாட்டு வைத்தியத்திலும் வகைப்படுத்துவது இருந்தது. அகத்தியர் பெயரில் வழங்கும் கிரிகை நூல் மனநோய்களை 18 வகையாகப் பிரித்துக் குணங்களைச் சொல்கிறது. வைத்தியர்கள் கொடுத்த மூலிகைகளில் ஒன்று சர்ப்பகந்தி, எங்கள் பக்கத்தில் சிவன் அமல்பொடி. அதற்கு அடக்கும் குணம் உண்டு என்று 1931-இல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி அதிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது. மேல்நாட்டு மனநோய் ஆஸ்பத்திரிகளில் கொஞ்ச காலம் அது ஓடியது. அப்புறம் அதைவிட நல்லவை வந்துவிட்டன.

ஆஸ்பத்திரி என்ற கட்டடம் நம் பக்கம் வந்தது 1794-இல். வாலன்டைன் கானலி என்ற கம்பெனி சர்ஜன் சென்னை புரசைவாக்கத்தில் ஒரு வீட்டைப் பைத்திய விடுதியாக்கினார். தர்மத்துக்கு ஆரம்பித்ததாக நினைக்க வேண்டாம். வாடகை வரும் சொத்து அது. பின்னால் டால்டன் என்ற டாக்டர் கைக்கு மாறி அவர் பெயராலேயே அழைக்கப்பட்டது. 1871-இல் கீழ்ப்பாக்கம் லோகாக் தோட்டத்தில் பெரிய இடம் திறந்தார்கள். இதற்கு நடுவில் 1858-இல் சட்டம் வந்தது. தெருவில் திரியும் பைத்தியத்தைப் போலீஸ் பிடித்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். டாக்டர் சான்று கொடுத்தால் அவர் அடைக்க உத்தரவு போடுவார். தென்னார்க்காடு ஜில்லாக்காரன் அகப்பட்டுக்கொண்டால் சென்னைக்குத்தான் போக வேண்டும். ராஜதானி முழுவதற்கும் இருந்த மற்ற விடுதிகள் கோழிக்கோட்டிலும் வால்டேரிலும் அல்லவா?

அந்தச் சட்டத்தில் சிகிச்சையைவிடக் காவல்தான் பெரிதாகத் தெரியும். அதன் இடத்தில் 1912-இல் வந்த சட்டத்தின் பெயரே பைத்தியச் சட்டம். 1987-இல் புதுச் சட்டம் எழுதி, 1993-இல்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதாவது என் சர்வீஸில் பாதிக் காலம், வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தின் கீழ்தான் இந்த நாட்டில் மனநோயாளிகள் இருந்தார்கள். உள்ளே போனவனுக்கு ஆடை, சோறு, சுவர் எல்லாம் கிடைத்தது. கூட இருக்க ஆள் மட்டும் இல்லை. 'கீழ்ப்பாக்கம்' என்று சினிமாவில் சொல்லிச் சிரித்ததற்குப் பின்னால் இருந்தது இந்தப் பயம். கீழ்ப்பாக்கத்தைத் திருத்தியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் எம். சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று பெயர் பெற்றவர். 1961-இல் அங்கே கண்காணிப்பாளராகி, குணமானவர்களுக்கு வேலை பழக்கி வெளியே அனுப்பப் பாடுபட்டார். ஓய்வு பெற்றபின் 1984-இல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார்.

என் பெரியப்பா மணிலா மண்டியில் கணக்குப்பிள்ளை. ஒரு பைசா பிசகாது. அறுபதுகளில் ஒரு மாசி மாதம், பஞ்சாயத்து போர்டு ரேடியோவில் மாநிலச் செய்தி வாசிக்கிறவர் தன் பேரேட்டில் உள்ள தப்புகளைப் படிக்கிறார் என்று சொல்ல ஆரம்பித்தார். செய்தி நேரம் வந்தால் காதைப் பொத்திக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குள் உட்கார்ந்துவிடுவார். கொளஞ்சியப்பர் ஆயிற்று, மலையனூர் ஆயிற்று. கடைசியில் ஆயா அவரைக் குணசீலம் பிரசன்ன வேங்கடாசலபதி கோயிலுக்கு அழைத்துப் போய் ஒரு மண்டலம் தங்கினாள். அங்கே உச்சிக்காலப் பூஜையில் முகத்தில் தீர்த்தம் அடிப்பார்கள். ஊருக்கு வந்தபின் ஆயா தீர்த்தத்தைப் பற்றி அதிகம் பேசியதில்லை. "காலைல எழுப்பணும், ஆத்துல குளிப்பாட்டணும், பூசைக்கு உக்கார வெக்கணும், சோறு ஊட்டணும். நாப்பத்தெட்டு நாளும் இதேதான்டா. எனக்கே புத்தி தெளிஞ்சிருச்சு" என்பாள். பெரியப்பா தெளிந்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் தூங்கினார், சாப்பிட்டார், ஆயாவை நம்பினார்.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸைச் சேர்ந்த ரகுராமும் சகாக்களும் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரைக் கவனித்து, 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். பெரும்பாலோருக்கு மனச்சிதைவு போன்ற கடும் நோய்கள். மருந்து ஏதும் இல்லை. தனிச் சடங்கும் இல்லை. வீட்டார் ஒருவர் துணையிருக்க, கோயில் வேலை செய்துகொண்டு வாரக்கணக்கில் தங்கியதுதான். நோயின் கடுமையை அளக்கும் மதிப்பெண் சராசரியாகச் சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தது. இதை வைத்துக்கொண்டு 'மாத்திரை வேண்டாம்' என்று கிளம்புகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். 31 பேர், சில வாரங்கள். அவ்வளவுதான் அந்த ஆய்வு தாங்கும். தங்குவதற்கும் துணைக்கும் ஒரு மதிப்பு உண்டு என்பது வரைக்கும் ஒத்துக்கொள்ளலாம்.

இந்த மதிப்பு தெரிந்த டாக்டர்களும் இருந்தார்கள். ஐம்பதுகளில் அமிர்தசரஸில் வித்யா சாகர், படுக்கைக்கு இடமில்லாத நெரிசலில், ஆஸ்பத்திரி வளாகத்திலேயே கூடாரம் அடித்து நோயாளியின் குடும்பத்தையும் தங்க வைத்தார். வேலூர் சி.எம்.சி. 1957-இல் பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கியபோது வீட்டாரும் கூடவே தங்கிச் சமைத்துச் சாப்பிடும்படி அமைத்தது. மேல்நாட்டில் குடும்பத்தைக் கிட்டே விடாமல் வைத்தியம் பார்த்த காலத்தில், இங்கே அதைத் திருப்பிப் போட்டார்கள். நம் மருத்துவ வரலாற்றில் இதற்கு உரிய இடம் இன்னும் கொடுக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

துணை ஆள் கழன்றுகொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஏர்வாடி இருக்கிறது. சுல்தான் சையது இப்ராஹிம் ஷஹீத் தர்காவில் ஆதியில் குடும்பம்தான் நோயாளியோடு தங்கியது. நடவும் அறுப்பும் காத்திருக்குமா? கூலிக்காரன் எத்தனை மாசம் தங்குவான்? தர்காவைச் சுற்றித் தனியார் 'இல்லங்கள்' முளைத்தன. மாசம் இவ்வளவு என்று அனுப்பினால் போதும், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் பார்த்துக்கொண்ட விதம் சங்கிலி. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. பிணைக்கப்பட்டவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். ஒரு வாரத்தில் அப்படிப்பட்ட இல்லங்களை அரசு மூடி, 500-க்கும் மேற்பட்டவர்களைத் தன் பொறுப்பில் எடுத்தது. சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2007-இல் காப்பகம் நடத்தியவர்களுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. தீப்பிடித்த அந்த வாரம் எங்கள் டிப்போவில் மருந்து எடுக்க வந்த கடலூர் ஆள் ஒருவர், "நல்லவேளை, போன வருஷம்தான் தம்பியை அழைச்சிட்டு வந்தோம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

மருந்தின் கதை 1952-இல் பாரிஸில் தொடங்குகிறது. டிலே, டெனிக்கர் என்ற இருவர் குளோர்புரோமசினைக் கொடுத்துப் பார்த்தார்கள். பல வருஷமாகக் கத்திக்கொண்டிருந்தவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். எங்கள் பெரியப்பாவுக்கு அது வந்து சேர எழுபதுகள் ஆயிற்று. புதுச்சேரி ஜிப்மரில் எழுதிக் கொடுத்தார்கள். விடியும் முன்னால் விருத்தாசலம் போய் பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் திரும்ப முடியும். சில வாரத்தில் ரேடியோக்காரர் பேரேட்டை விட்டுவிட்டார். ஆனால் பெரியப்பாவின் கை விறைத்தது, நடை சுருங்கியது, வாயோரம் எச்சில் வடிந்தது. "மாத்திரைதான் ஆளைக் கெடுக்குது" என்று பங்காளிகள் நிறுத்தச் சொன்னார்கள்.

மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்த பிறகு இதே பேச்சைத் தினம் கேட்டேன். விறைப்புக்கு டிரைஹெக்ஸிஃபெனிடில் என்ற குட்டி வெள்ளை மாத்திரை உண்டு. அதைச் சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும். வாயால் சாப்பிட மறுக்கிறவர்களுக்கு ஃபுளூஃபெனசின் ஊசி. சில வாரத்துக்கு ஒருமுறை போட்டால் போதும். இருமுனைக் கோளாறுக்கு லித்தியம். அதற்கு ரத்த அளவு பார்த்தே ஆக வேண்டும். மனச்சோர்வு என்று வாயால் சொல்லி எங்கள் பக்கம் யாரும் வந்ததில்லை. உடம்பெல்லாம் எரிகிறது, தலை கனக்கிறது, விடியற்காலையிலேயே முழிப்பு வந்துவிடுகிறது என்பார்கள். சத்து டானிக் வாங்கிக்கொண்டு போவார்கள். யாராவது துணைக்கு வந்திருந்தால், "முன்ன மாதிரி சிரிக்கறதே இல்லீங்க" என்று அந்த ஆள்தான் சொல்லும். நோய் என்னவென்று அங்கேதான் பிடிபடும்.

1996-இல் மாவட்ட மனநலத் திட்டத்தை மத்திய அரசு ஆரம்பித்தபோது தமிழ்நாட்டில் முதலில் எடுத்தது திருச்சியை. கர்நாடகத்தின் பெல்லாரியில் நிம்ஹான்ஸ் நடத்திய பரிசோதனைதான் அதற்கு மாதிரி: டாக்டர் ஊருக்கு வருவார், நோயாளி வீட்டில் இருப்பார். இப்போது எல்லா மாவட்டத்திலும் உண்டு. மனநல உதவி எண் 14416-க்குப் போன் போட்டால் தமிழிலேயே பேசலாம். அதற்காகப் பழசு ஒழிந்துவிடவில்லை. 2023 பிப்ரவரியில், எங்களுக்குப் பக்கத்து மாவட்டமான விழுப்புரத்தில், குண்டலப்புலியூர் ஆசிரமம் ஒன்றிலிருந்து நூற்றுக்கு மேற்பட்டவர்களை அதிகாரிகள் மீட்டார்கள். அவர்களில் மனநலம் குன்றியவர்கள் பலர்.

2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை அடியோடு தடை செய்கிறது, மயக்க மருந்து இல்லாமல் மின் அதிர்ச்சி கொடுப்பதையும் தடை செய்கிறது. அதன் 14-ஆம் பிரிவை நான் பலரிடம் படித்துக் காட்டுவதுண்டு. தனக்கு நோய் முற்றினால் தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று நோயாளியே ஒருவரை நியமிக்கலாம். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ போட்டால் போதும். எங்கள் தெருவில் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு லோடு ஆட்டோ ஓட்டும் ஒரு பையனுக்குப் போன வருஷம் எழுதிக் கொடுத்தேன். அண்ணன் பெயரைச் சொல்வான் என்று பேனாவை எடுத்தேன். டீக்கடைக் கூட்டாளியின் பெயரைச் சொன்னான். "அண்ணன் நல்லவர்தான் சார். ஆனா அவரு ஒரு நாள்கூட என்கூட ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்ததில்ல." அண்ணனுக்கு இன்னும் வருத்தம்தான், எனக்கு வணக்கம் வைப்பதையும் நிறுத்திவிட்டார்.