சமூக மனநலப் பணியாளர்

சமூக மனநலப் பணியாளர் என்பவர் தீவிர மனநோயோடு வாழ்பவரை மருத்துவமனைக்கு வெளியே, அவருடைய வீட்டிலும் ஊரிலும் வைத்துக் கவனிக்கும் பயிற்சி பெற்றவர். மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநல சமூகப் பணியாளர், மனநலச் செவிலியர் ஆகியோர் ஒரு குழுவாக இதைச் செய்கிறார்கள். பயிற்சி பெற்ற உள்ளூர்த் தொண்டர்களும் பல இடங்களில் அவர்களோடு சேர்கிறார்கள். மனச்சிதைவு, இருதுருவ மனநோய், மாயத்தோற்றங்களோடு வரும் கடும் மனச்சோர்வு ஆகியவை தீவிர மனநோய்கள் எனப்படுகின்றன. 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, தீவிர மனநோயாளர்களில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்று கண்டது. அவர்களைத் தேடிச் செல்வதே இப்பணியின் முதல் கடமை.

வரலாறு

தமிழகத்தின் மனநல மருத்துவம் காப்பகத்தில் தொடங்கியது. சென்னையில் 1794இல் ஏற்பட்ட காப்பகமே பின்னாளில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையாக வளர்ந்தது. சுவரைத் தாண்டிச் சிந்தித்தவர்களில் முன்னோடி மருத்துவர் எம். சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான இவர், கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தவர். ஓய்வுக்குப் பின் 1984இல் சென்னையில் ஸ்கார்ஃப் எனப்படும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1950களிலேயே குடும்பத்தாரை நோயாளியுடன் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்குபெறச் செய்தது. தெருவில் கைவிடப்பட்ட மனநோயாளிப் பெண்களுக்காக 1993இல் சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் தொடங்கிய பேன்யன் அமைப்பு, பின்னர் அவர்களைச் சாதாரணத் தெருவில் சாதாரண வீடுகளில் குடியமர்த்தும் முறைக்கு வளர்ந்தது.

இந்திய அரசு 1982இல் தேசிய மனநலத் திட்டத்தை அறிவித்தது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய சோதனை முயற்சி நல்ல பலன் தந்ததால், 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் பிறந்தது. தமிழ்நாட்டில் அது முதலில் திருச்சிராப்பள்ளியில் தொடங்கிப் படிப்படியாகப் பிற மாவட்டங்களுக்குப் பரவியது. மாவட்டத் தலைமையிடத்துக் குழு, குறித்த நாள்களில் வட்டார மருத்துவமனைகளுக்குச் சென்று நோயாளிகளைப் பார்ப்பதும் மருந்து தருவதும் இத்திட்டத்தின் அடிப்படை. வெளிநாடுகளில் 1970களில் நோயாளிகளை ஊரிலேயே வைத்துக் கவனித்த அமெரிக்காவின் மேடிசன் நகரக் குழுக்களும், மனநலக் காப்பகங்களை மூடும்படி 1978இல் சட்டம் இயற்றிய இத்தாலியும் இதே திசையில் நடந்தன.

ஏர்வாடி

இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் தப்ப முடியவில்லை. 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஏர்வாடி தர்காவைச் சுற்றியிருந்த இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன.

அங்கே இருந்தவர்களில் பலரைக் கொண்டுவந்து விட்டவர்கள் சொந்தக் குடும்பத்தாரே. அவர்களைக் கல்நெஞ்சர் என்று சொல்லிவிடுவது எளிது, ஆனால் அது நியாயமாகாது. இரவெல்லாம் உறங்காத மகனை, ஊரார் பேச்சுக்கு அஞ்சி, கையில் இருந்ததைச் செலவழித்து, மந்திரித்துப் பார்த்து, கடைசியில் பேருந்து ஏற்றியவர்கள் அவர்கள். அந்த நாள்களில் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்க ஒரு பணியாளர் இருந்திருந்தால் அந்தப் பயணத்துக்குத் தேவையே வந்திருக்காது. சங்கிலிக்கு மாற்று மாத்திரை மட்டும் அன்று. மாதந்தோறும் தவறாமல் வந்து விசாரிக்கும் ஒரு மனிதரும் வேண்டும். தமிழகத்தில் சமூக மனநலப் பணியின் தேவையை இந்தத் தீ காட்டியதைப்போல வேறெதுவும் காட்டியதில்லை.

வேம்பார்க் கரையில்

ஏர்வாடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தென்மேற்காக வந்தால் தூத்துக்குடி மாவட்டத்தின் வட எல்லையை ஒட்டி வேம்பார் இருக்கிறது. விளாத்திகுளம் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், முத்துக்குளித்துறையின் பழைய பரதவர் ஊர்களுள் ஒன்று. இக்கடலில் முத்துக்குளிப்பு 1961உடன் நின்றது. இன்று மீன்பிடிப்பும் பனைத்தொழிலும் உப்பளமுமே இவ்வட்டாரத்தின் பிழைப்பு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ள தூத்துக்குடி ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் இருக்கிறது. தனியே பயணம் செய்ய முடியாத நோயாளியோடு போய்வர ஒருவருடைய ஒரு நாள் கூலி போய்விடும். மருந்து பாதியில் நிற்பதற்கு நோயாளியின் பிடிவாதத்தைவிட இந்தக் கணக்கே பல வீடுகளில் காரணம்.

இத்தகைய கரையில் பணியாற்றுபவர் ஊரின் நாட்காட்டியையும் கற்றாக வேண்டும். பதநீர்க் காலத்தில் பனையேறியின் வீட்டார் விடிலி எனும் குடிசையில் கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். மனநல முகாமுக்கு வர மாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. அப்போது விசைப்படகுத் தொழிலாளி கரையில் இருப்பார், ஆனால் கையில் காசு இருக்காது. வீட்டுச் சந்திப்பை எப்போது வைப்பது, மருந்தை எத்தனை நாளுக்குச் சேர்த்துக் கொடுப்பது என்பதெல்லாம் இவற்றைப் பொறுத்தே முடிவாகும்.

மருந்துகளுக்கும் வெயிலுக்கும் உள்ள தொடர்பு இங்கே மிக முக்கியம். இருதுருவ மனநோய்க்குத் தரும் லித்தியம் இரத்தத்தில் சற்றே கூடினாலும் நஞ்சாகும். உப்பளத்தில் வியர்த்து உடல் நீரும் உப்பும் இழந்தால் அதன் அளவு ஏறும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சில வலி மாத்திரைகளும் அதை ஏற்றும். கைநடுக்கம், தள்ளாட்டம், வாந்தி, பேதி ஆகிய அறிகுறிகளைக் குடும்பத்துக்குச் சொல்லிவைப்பது உயிர்காக்கும் வேலை. குளோர்புரோமசின் உண்பவரின் தோல் வெயிலில் எளிதில் கருகும். உறக்கம் தரும் மருந்தை எந்த நேரத்தில் தருவது என்பதை, விடியுமுன் வள்ளத்தில் ஏறுபவரிடம் அவருடைய வேலை நேரத்தைக் கேட்ட பிறகே தீர்மானிக்க முடியும்.

பணியின் கூறுகள்

முதல் வேலை பேச்சு. குடும்பத்தார் இதை நோய் என்று சொல்வதில்லை. காத்துக் கருப்பு என்பார்கள், செய்வினை என்பார்கள், புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். தேர்ந்த பணியாளர் இதை மறுத்து வாதாட மாட்டார். உறக்கம் எப்போது கெட்டது, சாப்பாடு எப்போது குறைந்தது, யாரோ பேசுவதுபோல் காதில் கேட்கிறதா என்று கேட்டுக்கொண்டே நோயின் வடிவத்தைக் கண்டுகொள்வார்.

கோயில், தேவாலயம், தர்கா ஆகியவற்றோடு பகைக்காமல் நடப்பதும் இப்பணியின் பகுதி. தூத்துக்குடி மாவட்டத்துப் புளியம்பட்டி புனித அந்தோனியார் திருத்தலத்துக்கு மனநோயாளிகளை அழைத்து வரும் வழக்கம் நெடுநாளாக உண்டு. 2002இல் வெளியான ஓர் ஆய்வில், தமிழகக் கிராமக் கோயில் ஒன்றில் சில வாரங்கள் தங்கிய 31 பேருக்கு நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாக மருத்துவர் இரகுராமும் உடனாய்வாளர்களும் கண்டனர். அன்பும் அடைக்கலமும் தரும் பலன் அது. ஏர்வாடி தர்காவில் பிற்காலத்தில், தொழுகையோடு மருந்தும் தரும் ஏற்பாடு தொடங்கியது.

மருந்து தொடர்வதைக் கவனிப்பது அடுத்த வேலை. மாத்திரையை மறப்பவர்களுக்கும் மறுப்பவர்களுக்கும், நோயாளியின் சம்மதத்தோடு, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி உதவும். உடல் விறைப்பு, எடை கூடுதல், சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்; தீவிர மனநோயாளர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறப்பதற்கு இதயநோய் போன்ற உடல்நோய்களே பெரும் காரணம்.

குடும்பத்தோடு பேசுவதும் சிகிச்சையே. ஓயாத ஏச்சும் குறைசொல்லலும் உள்ள வீட்டில் நோய் மீண்டும் தலைதூக்கும் வாய்ப்பு கூடுதல் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சும்மா இருப்பதும் குளிக்காமல் கிடப்பதும் சோம்பல் அல்ல, நோயின் அறிகுறி என்று தாய் உணர்ந்த நாளிலிருந்து வீட்டின் தொனி மாறும். அந்தத் தாய்க்கும் ஓய்வு வேண்டும்; அதைப் பற்றி விசாரிப்பவர் பெரும்பாலும் பணியாளர் ஒருவரே.

பலன்

இந்தியாவில் தமிழ்நாடு, கோவா, மகாராட்டிரம் ஆகிய இடங்களில் 282 மனச்சிதைவு நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2014இல் லான்செட் இதழில் வெளியானது. மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் வீட்டுக்கு வந்து கவனித்தவர்களுக்கு ஓராண்டில் நோய்க்குறிகளும் இயலாமையும் சற்றுக் கூடுதலாகக் குறைந்தன. ஸ்கார்ஃப் 2010களில் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்குப் பேருந்து ஒன்றை அனுப்பி, சென்னையில் உள்ள மருத்துவர் காணொளி வழியாக நோயாளியைப் பார்க்க ஏற்பாடு செய்தது. பேருந்துக்குள்ளேயே மருந்துக்கடையும் இருந்தது.

சட்டமும் உரிமையும்

2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்கிறது. அரசு நடத்தும் மனநலச் சேவையைப் பெறுவதை அது உரிமையாக்குகிறது. தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும் என்று நலமாக இருக்கும்போதே எழுதிவைக்கவும் வழிசெய்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மனநோயை 21 இயலாமைகளுள் ஒன்றாக ஏற்றது. இயலாமை குறைந்தது 40 விழுக்காடு என்று சான்று பெற்றவருக்கு அரசு உதவிகளுக்கு வழி திறக்கும். அந்தச் சான்றுக்காகக் குடும்பத்தோடு அலுவலகப் படியேறுவதும் பணியாளரின் வேலையே. 2022 அக்டோபர் முதல் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம்.

நலமடைதலின் அளவுகோல்

காதில் கேட்கும் குரல்கள் அறவே நின்றுவிட வேண்டும் என்று இத்துறை எதிர்பார்ப்பதில்லை. ஓரிரு குரல் மிச்சமிருந்தும் வலை பிரிக்கப் போகிறவர், கூலியைத் தாமே எண்ணி வாங்குகிறவர், உறவினர் திருமணத்துக்கு அழைக்கப்படுகிறவர் நலமடைந்தவரே. அந்த நிலை நீடிப்பதற்குப் பல ஆண்டுகள் ஒரே முகம் வந்து விசாரிக்க வேண்டியிருக்கிறது. ஒப்பந்தப் பணியும் அடிக்கடி மாறும் ஆட்களும் இத்துறையின் பெருங்குறையாக இருப்பது இதனால்தான். பழகிய முகம் மாறினால் நோயாளி முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்க நேர்கிறது.