கொட்டியாரக் கரையில் ஒரு பின்னேர நடை

சம்பூர்க் கடற்கரையில் பின்னேரம் நடக்கப் போனால், குடாவுக்கு அங்கால திருகோணமலை தெரியும். அந்தப் பக்கம் சீனன்குடாவில் மா ஆலை, சீமெந்துத் தொழிற்சாலை, பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன எண்ணெய்க் குதங்கள். இஞ்சால மணல், இழுத்து வைத்த தோணிகள், பந்தடிக்கிற பெடியங்கள். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு கதைச்சுக் கதைச்சு நடப்போம். இதில் எழுத என்ன இருக்கு எண்டு நீங்கள் கேட்கலாம். ஏறத்தாழப் பத்து வருடம் இந்தக் கரையில் ஊர்ச்சனம் ஒருத்தரும் இப்படி நடக்கேல்லை எண்டதுதான் விஷயம்.

கொட்டியாரக் குடாவில் இளைப்பாற வந்து மாட்டுப்பட்ட கதை பழையது. புயலில் பாய்மரம் போன 'ஆன்' என்ற ஆங்கிலேயக் கப்பல் திருத்த வேலைக்காக இதற்குள் வந்தது. 1660இல் கரையிறங்கிய கப்டனையும் மகன் றொபேட் நொக்ஸையும் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். மகன் தப்பிப் போக 19 வருடம் சென்றது. 1681இல் அவர் எழுதிய புத்தகம் லண்டனில் வெளிவந்தது. மூதூரில் 'வெள்ளைக்காரன் மரம்' எண்டு நினைவுக்கல்லும் இருக்கு. எங்கட சனத்துக்குக் கல் ஒன்றும் இல்லை.

2006 ஏப்ரல் 25இல் சம்பூர்ப் பக்கம் குண்டுவீச்சு தொடங்கியது. சனம் வெருகல், வாகரைப் பக்கம் ஓடியது. செப்டெம்பர் 4இல் இராணுவம் ஊரைப் பிடித்தது. 2007 மே மாதம் அது உயர் பாதுகாப்பு வலயம். திரும்பி வந்தவர்கள் கிளிவெட்டி போன்ற முகாம்களில் வருடக்கணக்காக இருந்தார்கள். கடல் தொழில் செய்த ஆட்களுக்கு, சுத்திவர வயல். எங்களில் சிலர் நடக்கப் பழகினதே முகாமில்தான். கடலைக் கண்டது பிறகு.

அதற்கிடையில் எங்கட வளவுகளுக்கு வேறு திட்டங்கள் வந்துவிட்டன. 2006 முடிவில் இந்தியாவுடன் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையத்துக்கு உடன்பாடு. 2012இல் 818 ஏக்கர் தொழிற்பேட்டைக்கு. முகாமில் இருந்த எங்கட பெரியாக்களைக் கேட்டு எழுதின திட்டங்கள் இல்லை அவை. ஏக்கரும் மெகாவாட்டும் எழுதினவர்களுக்கு, பின்னேரத்தில் ஒரு ஊர் கடற்கரைக்குப் போகும் எண்டது நினைவுக்கு வந்திருக்காது.

2015இல் அந்த 818 ஏக்கரும் விடுவிக்கப்பட்டது. 2016 மார்ச்சில் கடற்படை முகாம் இருந்த 177 ஏக்கர். அதே வருடம் செப்டெம்பரில் நிலக்கரித் திட்டத்தைக் கைவிடுவதாக அரசு உயர் நீதிமன்றத்தில் சொன்னது. வழக்குப் போட்ட சூழலியலாளர்களுக்கும் எதிர்த்து நின்ற ஊராக்களுக்கும் இதில் பங்கு இருக்கு. இப்ப 120 மெகாவாட் சூரிய மின்நிலையம். 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் கொழும்பில் இருந்தே தொடக்கி வைத்தார். சாம்பலும் புகையும் இல்லை, நல்லதுதான். கரைக்குப் போற பாதைகளில் வேலி வருமா எண்டு மட்டும் நாங்கள் கேட்டுக்கொண்டே இருக்கப் போறம்.

அண்மையில் ஒரு நடையில் எங்களோடு ஒரு அம்மம்மாவும் வந்தா. தன்ர பழைய வீட்டைக் காட்டினா. வீடும் இல்லை, முற்றத்துத் தென்னைகளும் இல்லை. கிணற்றுக் கட்டை வைச்சுத்தான் இடம் பிடிச்சா. "இதில இருந்துதான் லாஞ்சி வாறதைப் பாக்கிறனாங்கள்" எண்டா. இருட்டுப்படும் வரைக்கும் அந்தக் கட்டில் இருந்து அக்கரை வெளிச்சங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.