கோவிந்த் ஸ்வரூப்

கோவிந்த் ஸ்வரூப் (1929–2020) இந்திய வானொலி வானியலின் முன்னோடி. உதகை வானொலித் தொலைநோக்கியை வடிவமைத்த இயற்பியலாளர். வானத்தை ஆராய்வதற்கான கருவியைத் தாமே கட்டிய ஆய்வாளர் என்பதே அவருடைய தனிச்சிறப்பு.

கல்வியும் முதற்பணியும்

உத்தரப் பிரதேசத்தின் தாக்கூர்துவாராவில் பிறந்த ஸ்வரூப், அலகாபாத் பல்கலைக்கழகத்தில் 1950இல் முதுகலை இயற்பியல் முடித்தார். தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் அப்போது அதன் இயக்குநர். அவர் சொற்படி, இரண்டாம் உலகப் போரில் மிஞ்சிய ராடார் பாகங்களைக் கொண்டு 3 செ.மீ. அலைநீளத்தில் எலக்ட்ரான் தற்சுழற்சி ஒத்திசைவை அளக்கும் கருவியை ஸ்வரூப் அமைத்தார். நுண்ணலைப் பொறியியலில் அதுவே அவருக்கு முதல் பயிற்சி.

அயல்நாடுகளில்

கிருஷ்ணனின் ஊக்கத்தால் 1953இல் சிட்னி சென்று ஜோசப் பாசியின் வானொலி இயற்பியல் குழுவில் பயின்றார். 1956இல் அமெரிக்கா சென்றவர், சூரியனிலிருந்து வரும் ‘யூ’ வகை வானொலி வெடிப்புகளைக் கண்டறிந்தார். ஸ்டான்போர்டில் ரொனால்டு பிரேஸ்வெல்லிடம் முனைவர் பட்டம் பெற்றார். ஆன்டெனாக்களை இணைக்கும் கேபிள்களில் அலையின் கட்டம் மாறினால் தொலைநோக்கி காட்டும் படம் பிழைபடும். சமிக்ஞையைக் கேபிளில் அனுப்பித் திரும்பப் பெற்று, அந்த மாற்றத்தை அளக்கும் முறையை யாங் என்பவருடன் சேர்ந்து 1961இல் வெளியிட்டார்.

உதகை

ஹோமி பாபாவின் அழைப்பை ஏற்று 1963இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். சிட்னியிலிருந்து அன்பளிப்பாக வந்த 1.8 மீட்டர் கிண்ண ஆன்டெனாக்கள் 32ஐக் கொண்டு மும்பைக்கு அருகே கல்யாணில் 1965இல் சூரியனை ஆராயும் தொலைநோக்கியை நிறுவினார்.

அடுத்த கருவிக்கு மலையே அடித்தளமாயிற்று. உதகைக்கு அருகே முத்தோரையில், அவ்விடத்தின் அட்சரேகைக்கு இணையாகச் சுமார் 11 பாகை சாய்ந்த வடக்கு–தெற்குச் சரிவு கிடைத்தது. அதில் கிடத்திய நீள உருளையின் அச்சு புவியின் அச்சுக்கு இணையாக அமையும். ஒரே அச்சில் சுழற்றினாலே ஒரு வானொலி மூலத்தைச் சுமார் ஒன்பதரை மணி நேரம் பின்தொடரலாம். 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட இந்தப் பரவளைய உருளையை 24 சட்டங்கள் தாங்குகின்றன. அதன் எதிரொளிப்புப் பரப்பு, நெடுக இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகளால் ஆனது. குவியக் கோட்டில் உள்ள 1,056 டைப்போல் ஆன்டெனாக்கள் 327 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அலைகளை ஏற்கின்றன.

தொலைநோக்கி 1970இல் செயல்படத் தொடங்கியது. நிலவு ஒரு வானொலி மூலத்தை மறைக்கும் கணத்தில் சமிக்ஞை குறையும் விதத்தைக் கொண்டு அதன் அளவைக் கணித்தனர். இப்படிப் பெற்ற முடிவுகள் பெருவெடிப்புக் கொள்கைக்குச் சான்று சேர்த்தன.

அதே ஆண்டுகளில் ஜவ்வாது மலையின் காவலூரில் வானியலாளர் வைணு பாப்பு ஓர் ஒளியியல் வானாய்வகத்தை உருவாக்கி வந்தார். அங்கு 38 செ.மீ. தொலைநோக்கி 1968இல் நிறுவப்பட்டது. ஜவ்வாது மலை தந்தது இருண்ட வானம்; நீலகிரி தந்தது பொருத்தமான சரிவு. இரண்டு தமிழக மலைகளும் இந்திய வானியலின் இரு கண்களாயின.

பிற்காலம்

புணேவுக்கு வடக்கே கோடத் என்ற ஊரில், 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களைக் கொண்ட மாபெரும் மீட்டர் அலை வானொலித் தொலைநோக்கி ஸ்வரூப்பின் தலைமையில் உருவானது. கயிறுகளில் இழுத்துக் கட்டிய எஃகு வலைதான் அந்தக் கிண்ணங்களின் பரப்பு. இது எடையையும் செலவையும் வெகுவாகக் குறைத்தது. உதகைக் கம்பிகள் கற்பித்த சிக்கனமே இங்கும் கைகொடுத்தது.

பத்மஸ்ரீ (1973), லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் தகுதி (1991) ஆகியவற்றைப் பெற்ற ஸ்வரூப், 2020 செப்டம்பர் 7 அன்று புணேயில் காலமானார்.