மூச்சைத் திறந்த மருந்து

ஈளை நோயாளிக்கு இரவு மிக நீளமானது. படுக்கவும் இயலாது, அமரவும் இயலாது, ஒரு மிடறு காற்றுக்காக ஏங்கும் அவ்வேதனையைக் கண்டவர் அறிவர். இன்றோ சிறு குழல் ஒன்றை அழுத்தி உறிஞ்சியதும் சில நிமிடங்களில் மூச்சு திறக்கிறது. இந்த எளிமைக்குப் பின்னே நெடிய வரலாறு ஒன்று உண்டு. அதில் கண்ணீரும் கலந்துள்ளது.

1894ஆம் ஆண்டில் இலண்டனில் ஆலிவர், ஷேபர் என்னும் அறிஞர் இருவர், சிறுநீரகங்களின் மீது குல்லாய் போல் அமர்ந்துள்ள சுரப்பிகளின் சாறு இரத்த அழுத்தத்தை உயர்த்துவதைக் காட்டினர். அதன் சத்தை 1901இல் படிகமாகப் பிரித்தளித்தார் ஜப்பானியரான தக்காமினே. அதுவே அட்ரினலின். அச்சமும் ஆபத்தும் நேர்கையில் நம் உடலே இதனைச் சுரக்கிறது. இதயம் விரைகிறது; தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன; மூச்சுக் குழல்களோ விரிகின்றன. சீனர்கள் ஈராயிரம் ஆண்டுகளாக இரைப்புக்குத் தந்துவந்த மா ஹுவாங் என்னும் செடியிலுள்ள எபெட்ரினும் இதைப் போன்றே செயற்படுவதை 1924இல் சென், ஷ்மிட் இருவரும் உணர்த்தினர்.

ஒரே மருந்து ஓரிடத்தில் சுருக்குவதும் பிறிதோரிடத்தில் விரிப்பதும் எங்ஙனம்? 1948இல் அமெரிக்க அறிஞர் ஆல்குவிஸ்ட் விடை கூறினார். உடலில் இதனை ஏற்கும் ஏற்பிகள் ஆல்பா, பீட்டா என இருவகை என்றார் அவர். அக்கட்டுரையை ஓர் ஆய்விதழ் ஏற்க மறுத்தது. வேறோர் இதழில்தான் அது வெளிவந்தது.

ஐசோப்ரினலின் என்னும் மருந்து பீட்டாவை மட்டுமே பெரிதும் தூண்டியது. ஆயினும் பீட்டா ஏற்பிகள் இதயத்திலும் உள்ளன அல்லவா? 1960களில் செறிவு மிகுந்த ஐசோப்ரினலின் குழல்கள் பிரிட்டனில் பரவின. அதே ஆண்டுகளில் ஆஸ்துமாவால் மாண்ட இளையோர் தொகை திடுக்கிடும்படி உயர்ந்தது. பள்ளிச் சிறாரும் பலர் மாண்டனர். மருந்து இதயத்தைத் தாக்கியதா, அன்றி அது தந்த தற்காலிகச் சுகத்தை நம்பி மருத்துவரை நாடத் தாமதித்தனரா என்னும் வாதம் நெடுநாள் நீடித்தது. 1967இல் எச்சரிக்கை விடப்பட்டது. அடுத்த ஆண்டின் இறுதியில் மருத்துவர் சீட்டின்றி விற்பதும் தடுக்கப்பட்டது. மரணங்கள் குறைந்தன.

அதே 1967இல் பீட்டாவிலும் இருவகை உண்டென லாண்ட்ஸ் குழுவினர் கண்டனர்: முதல்வகை பெரும்பாலும் இதயத்துக்கு, இரண்டாம் வகை மூச்சுக் குழலுக்கு. அவ்விரண்டாம் வகையையே மிகுதியாக நாடும் சால்புட்டமால் 1969இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. எனினும் அளவு மிஞ்சினால் அதுவும் கைநடுக்கத்தையும் படபடப்பையும் தரும்.

இவ்வரலாறு நம் இல்லங்களுக்குக் கூறும் பாடம் ஒன்றுண்டு. இக்குழல் மூச்சுப்பாதையைத் திறக்கும். உள்ளிருக்கும் அழற்சியை ஆற்றாது. ஆகவேதான், பெரியோரும் வளரிளம் பருவத்தினரும் இதனை மட்டுமே நம்பியிராது, அழற்சி தணிக்கும் உள்ளிழுப்பு மருந்தையும் சேர்த்துக் கொள்ள வேண்டுமென 2019இல் உலகளாவிய வழிகாட்டு நெறி அறிவுறுத்தியது. வீட்டுப் பிள்ளையின் குழல் விரைவாகத் தீர்கிறதெனில், புதிய குழல் வாங்குவதோடு நின்றுவிடலாகாது. நோய் முற்றுகிறது என்பதன் அறிகுறி அது. உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும். சுகம் வேறு, குணம் வேறு. இவ்வேறுபாட்டை உலகம் உணர்ந்தது பல இளம் உயிர்களை இழந்த பின்னரே.