இருமினால் கசிகிறதா? அடக்கி வைக்காமல் சொல்லுங்கள்

என் அம்மம்மா கடைசி நான்கு வருடமும் நல்லூர்த் திருவிழாவுக்குப் போகவில்லை. கால் உளைவு என்றுதான் எங்களுக்குச் சொன்னார். இருமினாலும் தும்மினாலும் சேலை நனைந்துவிடும் என்பதே உண்மைக் காரணம். அதையும் பெற்ற மகளிடம் சொல்லவில்லை. எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம்தான் சொல்லியிருக்கிறார்.

அந்த உத்தியோகத்தர் பின்னர் எங்கள் சனசமூக நிலையத்தில் வயதான பெண்களுக்கு நடத்திய வகுப்பில் நானும் இருந்தேன். "ஆருக்கு இந்தப் பிரச்சினை?" என்று அவர் கேட்டிருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்கமாட்டார்கள். "95 இடம்பெயர்வில எங்க சலம் போனனீங்கள்?" என்றுதான் தொடங்கினார். ஒக்டோபர் 30 இரவு தென்மராட்சி நோக்கி நகர்ந்த சனத்துக்குள் ஒதுங்க இடமின்றி அடக்கிய கதை எல்லோரிடமும் இருந்தது. தண்ணீர் குடிக்காவிட்டால் கரைச்சல் இல்லை என்ற பழக்கம் சிலருக்கு அன்றே தொற்றிக்கொண்டது.

அது பிழையான பழக்கம். செறிந்த சிறுநீர் சிறுநீர்ப்பையை உறுத்தும். மலச்சிக்கலும் தொற்றும் சேரும். குறைக்க வேண்டியது தேத்தண்ணியும் கோப்பியும்தான்.

இருமும்போதும் வாளி தூக்கும்போதும் கசிவது, இடுப்பின் அடித்தளத் தசைகள் தளர்வதால். பிள்ளைப்பேறு, மாதவிடாய் நின்றபின் ஏற்படும் ஓமோன் குறைவு, நாட்பட்ட இருமல் எல்லாம் இதற்குக் காரணம். அமெரிக்க மருத்துவர் ஆர்னோல்ட் கேகல் 1948 இல் விவரித்த பயிற்சியே இன்றும் முதல் சிகிச்சை. காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல் உள்ளே இழுத்து, ஐந்து வரை எண்ணித் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு 8 முதல் 10, நாளுக்கு 3 தடவை. மூச்சை அடக்கக்கூடாது. சலம் போகும்போது செய்யவும் கூடாது. மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும்.

அவசரமாக முட்டி, போய்ச் சேருமுன் நனைந்துவிடுவது வேறு வகை. அதற்கு, போகும் இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பழக வேண்டும். எங்கள் வளவுகள் பலவற்றில் மலசலகூடம் கோடிக்குள் இருக்கிறது. இருட்டில் ஓடி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அது இதைவிடப் பெரிய துன்பம். வழியில் ஒரு லைற், கட்டிலருகே ஒரு வாளி போதும்.

சலத்தில் இரத்தம், எரிவு, காய்ச்சல், கீழே ஏதோ இறங்குவதுபோன்ற உணர்வு இருந்தால் வைத்தியரிடம் போக வேண்டும். நீரிழிவாலும், பிரஷருக்குத் தரும் சில குளிசைகளாலும்கூட இது வரலாம். அதற்காகக் குளிசையைத் தாங்களாக நிறுத்தக்கூடாது.

நாட்டில் 1996 இல் தொடங்கிய வெல் வுமன் கிளினிக்குகளில் 35 வயதில் இருந்தே பிரஷர், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாம் பார்க்கிறார்கள். நடக்கும் நாளைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்கலாம். கசிவைப் பற்றி அங்கே நாங்களாக வாய் திறப்பதுதான் நல்லது.

அம்மாவுக்கு இப்போது 68. போன மாதம் நானே கேட்டேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஓம் பிள்ளை, ரெண்டு வருசமா" என்றார்.