நிலவறையை வசிப்பறையாக மாற்றும் முன் கவனிக்க வேண்டியவை

நிலவறை என்பது தரைமட்டத்திற்குக் கீழே முழுமையாகவோ பாதியளவிலோ அமைந்த தளமாகும். கொத்தனார்கள் 'பேஸ்மட்டம்' என்று குறிப்பிடும் அடிக்கட்டு வேறு. கடலும் நிலத்தடி நீரும் அருகிலுள்ள கீழவாஞ்சூர் போன்ற ஊர்களில் நிலவறைகள் அரிது. எனினும், பூசி முடிக்கப்படாத கீழ்த்தளத்தையோ, சாலை உயர்ந்ததால் பள்ளமாகிவிட்ட பழைய அறையையோ படுக்கையறையாக்க விரும்புவோருக்கும் இவை பொருந்தும்.

ஈரமும் பூஞ்சையும்

முதலில் தீர்க்கப்பட வேண்டியது ஈரம். சுவரில் உப்புப் பூத்தலும் பூச்சு பொரிந்து உதிர்தலும் மண்ணிலிருந்து நீர் ஏறுவதன் அடையாளங்கள். அதன்மேல் வண்ணம் பூசுவது நோயை மூடிவைப்பதற்கு ஒப்பாகும். ஈரச்சுவரில் வளரும் பூஞ்சையின் நுண்வித்துகள் மூக்கடைப்பு, தொடர் இருமல், ஆஸ்துமா ஆகியவற்றைத் தூண்டும். குழந்தைகளும் முதியோரும் கூடுதலாகப் பாதிக்கப்படுவர்.

எளிய சோதனை ஒன்று உண்டு. ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைத் தரையில் பரப்பி, நான்கு ஓரங்களையும் நாடாவால் ஒட்டி ஒரு நாள் விடவும். தாளின் அடியில் நீர்த்துளிகள் இருந்தால் ஈரம் நிலத்திலிருந்து வருகிறது. மேற்புறத்தில் மட்டும் இருந்தால் அது காற்றின் ஈரம், காற்றோட்டத்தால் குறையும். இச்சோதனையை மே மாதத்தில் செய்து நிறைவடைய வேண்டாம். கார்த்திகை மழையில் செய்து பார்க்கவும்.

பூஞ்சையைத் துடைக்கையில் பிளீச்சிங் பவுடருடன் கழிவறை அமிலத்தைக் கலக்கக் கூடாது. நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும்.

வாயுக்கள்

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் பள்ளமான இடத்தில் தேங்கும். ஆகவே சிலிண்டரையும் அடுப்பையும் கீழ்த்தளத்தில் வைத்தல் கூடாது. புயல் காலத்தில் அங்கு ஜெனரேட்டர் இயக்குவதும் உயிருக்கு ஆபத்து: அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, உறங்குபவர் விழிப்பதுமில்லை.

வெள்ளம்

2024 ஜூலை 27 அன்று தில்லி பழைய ராஜிந்தர் நகரில், பயிற்சி மையமொன்றின் நிலவறை நூலகத்தில் மழைவெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். தலைநகரின் ஒரு மாலை மழையே அதற்குப் போதுமானதாக இருந்தது. 2004 ஆழிப்பேரலையையும் வடகிழக்குப் பருவப் புயல்களையும் கண்ட நம் கரையில், கீழ்த்தளத்தை இரவில் உறங்கும் அறையாகப் பயன்படுத்தாமல் இருப்பதே பாதுகாப்பானது. பகலில் பயன்படுத்துவதானாலும் வெளியே செல்ல இரண்டு வழிகள் தேவை. மின்செருகிகள் உயரத்தில் இருக்க வேண்டும். மெயின் சுவிட்ச் மேல்தளத்தில் அமைய வேண்டும். வேலை தொடங்குமுன் நகர அமைப்புக் குழுமத்தின் அனுமதி பெறுக.

நீர் இறைக்கும் குழியை மூடி வைக்கவும். ஏடிஸ் கொசுவின் முட்டை ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள்களில் கொசுவாகிவிடும்.

அறைக்கு மாறிய பின் இருமல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, இரவில் மூச்சிரைப்பு தோன்றினாலோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும். வெள்ளநீரில் நடந்தபின் காய்ச்சலுடன் கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் இருப்பின் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். தாமதமின்றிச் சிகிச்சை பெறவும். அவசர ஊர்தி: 108.