சீன மொழியில் கிதாபு எழுதிய ஆலிம்கள்

சீனம் சென்றேனும் கல்வியைத் தேட வேண்டும் என்னும் சொல் நம் மேடைகளில் முழங்காத ஆண்டில்லை. அதன் அறிவிப்பாளர் வரிசை பலவீனமானது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறியிருப்பதை ஆலிம்கள் அறிவர். நமது வியப்பு வேறு. சீனத்தை இவ்வளவு நினைவூட்டும் நாம், அங்கு வாழ்ந்த முஸ்லிம்கள் எதைக் கற்றார்கள், எந்த மொழியில் எழுதினார்கள் என்று விசாரித்ததே இல்லை.

இங்கு நாம் பேசப்போவது துருக்கிய மொழி பேசும் உய்குர் மக்களைப் பற்றியன்று. சீனத்தையே தாய்மொழியாகக் கொண்ட ஹுய் முஸ்லிம்களைப் பற்றியாகும். 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்கள் ஒரு கோடியே பத்து இலட்சத்தைத் தாண்டினர். வடமேற்கே நிங்ஷியா, கான்சு, நடுவே ஹெனான், தென்மேற்கே பர்மாவை ஒட்டிய யுன்னான், கிழக்கே நான்ஜிங் எனச் சிதறிக் கிடக்கும் சமுதாயம் அது. அவர்களின் மூதாதையரில் சிலர் கடல் வழியே வந்த அரபு, பாரசீக வணிகர். பலர் மங்கோலியர் ஆட்சியில் மத்திய ஆசியாவிலிருந்து வந்த அலுவலர், படைவீரர், கைவினைஞர்.

1368இல் மங்கோலியரை விரட்டி மிங் வமிசம் ஆட்சிக்கு வந்தது. அந்நிய உடையும் பெயரும் மொழியும் விலக்கப்பட்டன. அந்நியர் தம் இனத்துக்குள்ளேயே மணம் செய்வதும் தடுக்கப்பட்டது. பேரரசின் நோக்கம் அவர்களைக் கரைத்துவிடுவதே. இருநூறு ஆண்டுகளில் பாதி கரைந்தும் விட்டார்கள். பாரசீகம் வீட்டை விட்டு அகன்றது. தொழுகையில் ஓதும் சூராக்கள் நாவில் இருந்தன. பொருள் நெஞ்சில் இல்லை. கற்பிக்க ஆளில்லை, கிதாபுகளும் அரிது.

இந்நிலையில்தான் ஷான்ஷி மாகாணத்தில் ஹூ தெங்ஜோ (1522–1597) தோன்றினார். தம் இல்லத்தில் மாணவர்களைச் சேர்த்து, அவர்களின் உணவுக்கும் உறைவிடத்துக்கும் வழிசெய்து ஓதிக் கொடுத்தார். மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று அதே முறையைப் பள்ளிவாசல்களில் நிறுவினர். மஹல்லாவே செலவை ஏற்றது. காலப்போக்கில் அமைந்த பாடத்திட்டத்தைப் பார்க்கும்போது நமக்கு அயல்நாடு என்ற எண்ணமே எழாது: ஜலாலைன், பைளாவி, ஷரஹுல் விகாயா, ஷரஹு முல்லா ஜாமி, அகாயிதுன் நஸஃபிக்குத் தஃப்தாஸானி எழுதிய உரை. இவற்றோடு ஸஅதியின் குலிஸ்தானும் நஜ்முத்தீன் ராஸியின் மிர்ஸாதுல் இபாதும். நம் மதரஸா மாணவர் ஒருவர் அக்காலச் சீனப் பள்ளியில் நுழைந்திருந்தால், பாஷை புரியாமற் போயிருக்கும். கையிலிருக்கும் கிதாபு புரிந்திருக்கும்.

பேச்சிலும் பாரசீகத்தின் எச்சம் தங்கியது. ஆலிமை அஹோங் என்பர். ஆகூன்ந்த் என்னும் பாரசீகச் சொல்லே அது. பஜ்ரை பங்தா என்றும் இஷாவை ஹுஃப்தான் என்றும் வழங்குவர். எழுத்திலோ இன்னும் நமக்கு நெருக்கம். ஆயிரக்கணக்கான சீனச் சித்திர எழுத்துக்களைக் கற்க இயலாத மதரஸா மாணவர்கள், சீன மொழியை அரபு எழுத்தில் எழுதிக்கொண்டார்கள். சியாவ்அர்ஜிங் என்று அதற்குப் பெயர். அரபுத் தமிழில் ஓதி வளர்ந்த நம் மூதாட்டியருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு வேறுபாடு உண்டு: சியாவ்அர்ஜிங் எழுதுவோர் உயிரொலிக் குறிகளை ஒன்றுவிடாமல் இடுவர்; இல்லையேல் சீனச் சொல்லை இனங்காண முடியாது.

அரபு எழுத்துச் சீனம் உள்வட்டத்துக்கு உதவியது. ஆனால் கன்பூசியச் சாத்திரங்களைப் பயின்ற முஸ்லிம் இளைஞனுக்கும், "உங்கள் மார்க்கம் என்ன சொல்கிறது?" என்று வினவும் அண்டை வீட்டுப் பண்டிதருக்கும் அது உதவவில்லை. அவர்களுக்காகச் செம்மையான சீனத்தில் நூல்கள் எழுந்தன. அத்தொகுதியை ஹான் கிதாபு என்பர். பெயரிலேயே சீனமும் அரபும் கைகோத்து நிற்கின்றன. 1642இல் வெளிவந்த வாங் தாய்யூவின் நூல் இத்துறையில் ஒரு தொடக்கம். சிகரம் நான்ஜிங்கின் லியூ ஜி.

பதினைந்தாம் வயதில் கல்வியில் மனம் பதித்த லியூ ஜி, எட்டாண்டுகள் கன்பூசிய நூல்களையும் ஆறாண்டுகள் அரபு, பாரசீகக் கிதாபுகளையும் மூன்றாண்டுகள் பௌத்த நூல்களையும் ஓராண்டு தாவோ நூல்களையும் பயின்றதாகத் தாமே எழுதுகிறார். பிழைப்புக்கு வழிதேடாத பித்தர் என்றே உறவினர் அவரைக் கருதினர். 1704இல் அவரது தத்துவ நூலும் 1710இல் மார்க்கச் சட்டமும் ஒழுக்கமும் பற்றிய நூலும் வெளிவந்தன. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றை எழுத மூல நூல் கிடைக்காமல் அலைந்து, ஹெனானின் ஜூஷியன் ஊரில் ஒரு வீட்டில் பாரசீக ஸீரா ஒன்றைக் கண்டெடுத்து, 1724இல் முடித்தார். நம் உமறுப் புலவரின் காலமும் ஏறக்குறைய அதுவே.

அவருக்கு முன்னிருந்த சோதனை சொற்களைப் பற்றியது. அல்லாஹ்வை எப்பெயரால் அழைப்பது? சீனருக்குப் பழகிய வானம் என்ற சொல்லைத் தனியே ஆண்டால் படைப்பும் படைத்தவனும் ஒன்றாகிவிடும். முஸ்லிம்கள் ஜென்ஜூ, அதாவது மெய்யான எஜமானன் என்ற சொல்லை நிலைநாட்டினர். நபி என்பதற்கு? வஹீ என்ற கருத்தே சீனத் தத்துவத்தில் இல்லை. ஞானி எனப் பொருள்படும் ஷெங் என்ற சொல்லை எடுத்து, நாயகத்தை ஜிஷெங், ஞானியருள் உச்சமானவர் என்றார் லியூ ஜி. அதுவோ கன்பூசியசுக்கு அரசு வழங்கியிருந்த பட்டம்!

இது நபித்துவத்தின் தகுதியைக் குறைப்பதாகாதா என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும் லியூ ஜி கன்பூசியசுக்கு வஹீயைக் கொடுக்கவில்லை. சீனரிடம் இருந்த மிக உயர்ந்த சொல்லை நாயகத்துக்கு உரித்தாக்கினார். பௌத்த ஆலயத்துக்கு வழங்கிய ஸி என்ற சொல்லையே அவர்கள் மஸ்ஜிதுக்கும் வைத்தனர். சமண, பௌத்தத் துறவிகளின் உறைவிடத்துக்கு வழங்கிய பள்ளி என்ற சொல்லில் அன்றாடம் தொழச் செல்லும் நாம் அவர்களைக் குறைகூற இயலாது.

லியூ ஜி வெறும் இசைவாளரும் அல்லர். இஸ்லாத்தின் ஐந்து கடமைகள் இறைவனுக்குரிய வழி, மனித உறவுகள் ஐந்தும் மனிதருக்குரிய வழி என்று இரண்டையும் இணைத்தார். ஆனால் உறவுகளை அடுக்கும்போது கணவன் மனைவி உறவை முதலில் வைத்து, அரசன் குடிமகன் உறவைப் பின்னுக்குத் தள்ளினார். ஆதம் (அலை), ஹவ்வா (அலை) ஆகியோரிடமிருந்தே மனித உறவு தொடங்கியது என்பது காரணம். பேரரசில் வாழ்ந்துகொண்டு இவ்வாறு எழுதுவது சிறிய செயலன்று.

அரண்மனைப் பண்டிதர்கள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரும் நூற்பட்டியலைத் தொகுத்தபோது, அவரது 1710ஆம் ஆண்டு நூலைக் குறிப்பிட்டனர். நடை நேர்த்தியானது, அடிப்படையோ ஏற்கத்தகாதது என்பது அவர்கள் தீர்ப்பு. எனினும் அந்நூல்கள் உயிர் காத்த நிகழ்ச்சியும் உண்டு. 1781இல் கான்சுவில் முஸ்லிம் கிளர்ச்சி அடக்கப்பட்டது. மறு ஆண்டு, வடக்கே ஓதி முடித்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஹை ஃபூருன் என்னும் ஹைனான் தீவினர் குய்லின் நகரில் பிடிபட்டார். பையில் அரபுக் கிதாபுகளும் லியூ ஜி எழுதிய நபி வரலாறும் இருந்தன. ஆளுநர் இதைப் பெரும் சதியாக்கி, நூலோடு தொடர்புடையோரைத் தேட மற்ற மாகாணங்களுக்கும் எழுதினார். பேரரசர் சியன்லோங், இவை முஸ்லிம்கள் வழக்கமாக ஓதும் நூல்கள், இராஜதுரோகம் இல்லை என்று ஆளுநரைக் கண்டித்து, கைதானோரை விடுவிக்க ஆணையிட்டார்.

எதிர்ப்பு உள்ளிருந்தும் வந்தது. மக்கா சென்று திரும்பிய மா வான்ஃபூ, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய சீர்திருத்த இயக்கத்தில், அரபு மூலங்களே போதும் என்று சீனக் கிதாபுகளை ஒதுக்கினார். அதே கான்சுவில் மா சிஷி, லியூ ஜியின் நூல்களை மையமாக்கி ஒரு ஜமாஅத்தை உருவாக்கினார். 1914இல் குடும்பத்தினர் பலருடன் கொல்லப்பட்டார். கொன்றவர்களும் முஸ்லிம் படைவீரரே என்பதை எழுதக் கை கூசுகிறது.

இந்நூல்களில் ஒன்று நம் நாட்டுக்கும் வந்தது. யுன்னானைச் சேர்ந்த மா லியன்யுவான் என்னும் நூருல் ஹக், லியூ ஜியின் தத்துவ நூலின் மூலப்பகுதியை அரபில் பெயர்த்து உரையும் எழுதினார். அவ்வுரை கான்பூரில் கல்லச்சில் பதிப்பிக்கப்பட்டது. ஆசிரியரும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கான்பூரிலேயே காலமானார். கான்பூர்ப் பதிப்புகளைப் புரட்டி ஓதிய நம் முன்னோர் இதைக் கண்டதாகத் தெரியவில்லை. 2009இல் லியூ ஜியின் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்ட மூவருள் முதல்வரான ஸச்சிகோ முராதா என்ற ஜப்பானிய அறிஞருக்கு அந்த அரபு உரை பெருந்துணை புரிந்தது.

ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இத்தனை நூல் எழுதிய ஆலிம்கள் குர்ஆனை முழுமையாகப் பெயர்க்கத் தயங்கினர். லியூ ஜி சிறு சூராக்கள் சிலவற்றோடு நின்றார். யூசுஃப் மா தெஷின் (1794–1874) செய்த பெயர்ப்பில் ஐந்து ஜுஸ்உகளே எஞ்சின. பயபக்தியே இத்தயக்கத்துக்குக் காரணம். விளைவு என்ன? முதல் முழுச் சீனப் பெயர்ப்பை 1927இல் வெளியிட்டவர் முஸ்லிமல்லாத லி தியெஜெங். அவர் பெயர்த்தது அரபிலிருந்தன்று. சகமோத்தோ கெனிச்சி 1920இல் வெளியிட்ட ஜப்பானியப் பெயர்ப்பிலிருந்து! அதற்குப் பின்னரே 1932இல் வாங் ஜிங்ஜாய் என்னும் ஆலிமின் பெயர்ப்பு வெளிவந்தது. அஸ்ஹரில் பயின்ற மா ஜியானின் முழுப் பெயர்ப்பு 1981இல் வெளியாயிற்று.

2018 முதல் இஸ்லாத்தைச் சீனமயமாக்குதல் என்ற ஐந்தாண்டுத் திட்டம் அரசின் ஆதரவோடு நடந்தது. பல பள்ளிவாசல்களின் குவிமாடங்கள் அகற்றப்பட்டன. கடைகளின் அரபுப் பெயர்ப்பலகைகள் மறைக்கப்பட்டன. கான்சுவின் லின்ஷியாவில் 16 வயதுக்குட்பட்ட சிறுவர்கள் ஓதச் செல்வது தடுக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. மார்க்கத்தைச் சீனமாக்கிய முன்னோடிகள் என்று ஹான் கிதாபு ஆசிரியர்களின் பெயர்களும் இப்போது எடுத்தாளப்படுகின்றன. லியூ ஜி தம் சீன நூல்களை எழுதியது, ஹூ தெங்ஜோ தொடங்கிவைத்த அந்த ஓதும் மரபிலிருந்து ஆறாண்டு அரபும் பாரசீகமும் பயின்ற பிறகு.